ஆன்மா இல்லை என்னும் மதத்தில் பேயோட்டுவது எப்படி? இலங்கையின் தொவில் சடங்கு பற்றி

கேள்வி இதுதான்: ஆன்மா என்று ஒன்று இல்லை என்று போதிப்பது பௌத்தம். அப்படியிருக்க, தென்னிலங்கையில் பௌத்தர்களே தொவில் என்ற பெயரில் விடிய விடியப் பறை முழக்கிப் பேயோட்டுகிறார்களே, இது எந்த வகையில் பௌத்தம்? பிக்குகள்தான் இதைச் செய்கிறார்களா? இந்தக் காலத்திலும் நடக்கிறதா, அதனால் யாருக்காவது குணமாகிறதா?

முதல் முடிச்சை முதலில் அவிழ்க்கலாம். ஆன்மா இல்லை என்பது வேறு, பேய் இல்லை என்பது வேறு. யக்கர், பிரேதர், தேவர் எல்லாரும் பௌத்தத்தில் பிறவி வகைகள். வினைப்பயனால் அப்படிப் பிறந்தவர்கள், ஒரு நாள் அந்தப் பிறவியிலிருந்தும் நீங்குகிறவர்கள். நிலையான உயிர் ஒன்று அவர்களுக்குள்ளும் கிடையாது. புத்தரின் முதன்மைச் சீடர் சாரிபுத்தரின் தலையில் ஒரு யக்கன் ஓங்கி அடித்ததை உதானம் என்னும் பாலி நூல் சொல்கிறது. சானு என்ற இளம் சாமணேரரை, அதாவது பயிற்சித் துறவியை, யக்கினி பிடித்ததும், அவர் தாய் அழுது புலம்பியதும் இன்னொரு பாலி நூலான சங்யுத்த நிகாயத்தில் இருக்கின்றன. துறவு ஒழுங்கைச் சொல்லும் விநய நூலான மகாவக்கம் இன்னும் வெளிப்படையானது: மனிதரல்லாத ஒன்றால் நோய்கண்ட பிக்கு பச்சை இறைச்சியும் பச்சை இரத்தமும் உட்கொண்டால் அது குற்றமாகாது என்று புத்தர் அனுமதித்ததாக அது பதிந்திருக்கிறது. பாதிமோக்கம் என்னும் துறவு விதித்தொகுப்பை ஓதுவதைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் பத்து இடையூறுகளில், அரசன், கள்வர், தீ, வெள்ளம் ஆகியவற்றோடு அமனுசரும், அதாவது மனிதரல்லாதவரும், ஒன்று. ஆகவே பேய்பிடித்தல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டார் அழுக்கு, உள்ளே இருப்பதுதான் தூய பௌத்தம் என்று பிரிப்பது நவீன காலத்தவர் வரைந்த கோடு. பாலி நூல்களில் அந்தக் கோடு இல்லை.

ஆனால் இன்னொரு கோடு உண்டு, அது பழையது. பிரம்மஜால சூத்திரம் பூதவித்தையைப் பிக்குகள் பிழைப்பாகக் கொள்ளக்கூடாத வித்தைகளில் சேர்க்கிறது. இதிலிருந்துதான் இலங்கையின் வேலைப்பிரிவினை வருகிறது. பிக்கு பிரித் என்னும் காப்புச் சூத்திரங்களை ஓதுவார், தண்ணீரையும் நூலையும் ஓதித் தருவார், அதற்கு மேல் இறங்கமாட்டார். தேவாலயத்தில் விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், நாதர், சமன், பத்தினி முதலான தெய்வங்களுக்குப் பூசை செய்து வேண்டுதலை ஒப்படைப்பவர் கபுராள. யக்கர்களோடு நேரடியாகப் பேசி, படையல் கொடுத்து அனுப்புகிறவர் எதுரா. மக்கள் வழக்கில் கட்டடியா என்றும் சொல்வார்கள். மட்டக்களப்புப் பக்கத்துச் சிறு கோயில்களில் சடங்கை முன்னின்று நடத்தும் கட்டாடியாரை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இராது. தொவில் நடத்தும் எதுராக்கள் பெரும்பாலும் பெரவா என்னும் பறை முழக்கும் சாதியினர்.

பிக்குகள் எதுவரை போகலாம் என்பதற்கு 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய தீக நிகாய உரை ஒரு செய்முறையே தருகிறது. யக்கர்களிடமிருந்து காக்கும் ஆடாநாடிய சூத்திரத்துக்கான உரையில் இருப்பது. அதன் ஒழுங்கு இன்றைக்கும் கவனிக்கத்தக்கது. எடுத்தவுடன் ஆடாநாடியத்தை ஓதக்கூடாது. அது கடுமையானது. முதலில் மெத்த சூத்திரம், தஜக்க சூத்திரம், ரதன சூத்திரம் மூன்றையும் 7 நாள் ஓத வேண்டும். விடவில்லை என்றால்தான் ஆடாநாடியம். அதை ஓதப்போகும் பிக்கு இறைச்சியும் மாப்பண்டமும் உண்ணக்கூடாது, சுடுகாட்டில் தங்கக்கூடாது. ஓதும் இடத்தை மெழுகித் தூய்மையாக்கி இருக்கை போட வேண்டும். விகாரையிலிருந்து வீட்டுக்குப் போகும்போது கேடயமும் ஆயுதமும் ஏந்தியவர்கள் சூழ்ந்து வர வேண்டும். வெட்டவெளியில் அமராமல் கதவு, சாளரம் சாத்தி, மனத்தில் மைத்திரியை முன்னிறுத்தி ஓத வேண்டும். நோயாளியை முதலில் சீலம் எடுக்கவைக்க வேண்டும். அப்படியும் விடவில்லையென்றால் அவரை விகாரைக்குக் கொண்டுவந்து, சைத்திய முற்றத்தில் படுக்கவைத்து, விளக்கேற்றி, முற்றம் பெருக்கி, மங்கலம் ஓத வேண்டும். அதன் பிறகே பிடித்திருப்பதைப் பார்த்து 'உன் பெயர் என்ன' என்று கேட்பது. பெயர் சொன்னால் பெயர் சொல்லி அழைத்து, 'இந்தப் பூசையின் புண்ணியத்தில் உனக்கும் பங்கு உண்டு, சங்கத்தின் மேலுள்ள மரியாதைக்காக இவரை விட்டுவிடு' என்று கேட்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தேவர்களிடம் முறையிட வேண்டும்.

இதில் எங்கும் அடி இல்லை, பட்டினி இல்லை, மிளகாய்ப் புகை இல்லை. பெயர் கேட்டு, பங்கு கொடுத்து, மேலிடத்தைக் காட்டி, போகச்சொல்வதுதான் இருக்கிறது. தொவிலின் இதயமும் இதே வரிசைதான். பௌத்தர்களின் பேயோட்டலைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பேன்: அங்கே பேய் அழிக்கப்படுவதில்லை, அதன் இடம் எதுவென்று அதற்கு நினைவூட்டப்படுகிறது.

தொவில் மரபில் யக்கர்களுக்கு மனிதரை நோயுறச் செய்யும் உரிமையே புத்தரும், யக்கர்களின் அரசனாகிய வெசமுனியும் தந்த வரம்தான். வரம் என்றால் வரம்பும் சேர்த்துத்தான். நோய் தரலாம், படையல் பெறலாம், பெற்றதும் விலக வேண்டும். உயிரை எடுக்க அனுமதி இல்லை. யக்கர்களில் முக்கியமானவர்கள் சிலரே. மகாசோனா சுடுகாட்டுக்கு உரியவன். பழைய சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் பத்து மல்லர்களில் ஒருவனான கோட்டைம்பரனோடு மோதித் தலையிழந்த ஜயசேனன் என்ற பெருவீரனே, கரடித்தலை பொருத்தப்பட்டு மகாசோனா ஆனான் என்பது கதை. நள்ளிரவில் தனியே போகிறவரின் முதுகில் அறைவான், கைத்தடம் பதியும் என்பார்கள். ரீரி யக்கா இரத்தத்துக்கு உரியவன். களு குமாரயா இளம் பெண்களையும் கருவுற்றவர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் நாடுகிறவன். பிறகு சன்னி யக்கர் 18 பேர், அவர்களுக்குத் தலைவன் கொல சன்னி.

சன்னிகளின் பட்டியல் ஏறக்குறைய ஒரு நோய்க்குறிப்பு ஏடு. கண சன்னி குருட்டுக்கு, பிஹிரி சன்னி செவிட்டுக்கு, கோளு சன்னி பேச்சிழப்புக்கு, கொர சன்னி முடத்துக்கு, அமுக்கு சன்னி வாந்திக்கு, கினிஜல சன்னி கடுங்காய்ச்சலுக்கு, கெடி சன்னி கட்டிகளுக்கு, நாக சன்னி பாம்புக் கனவுக்கு. வாத, பித்த, சிலேட்டும சன்னிகள் முக்குற்றங்களுக்கு. பைத்தியத்துக்கு மட்டும் இரண்டு தனித்தனி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை: பேயால் வருவது பூத சன்னி, பேயால் வராதது அபூத சன்னி. மனக்கோளாறு எல்லாமே பேய் என்று அந்த மரபே சொல்லவில்லை. கொல சன்னியின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. வைசாலி அரசன் சந்தேகத்தால் கருவுற்ற அரசியைக் கொல்விக்கிறான், பிணத்திலிருந்து பிறந்த பிள்ளை வளர்ந்து, 18 நச்சு உருண்டைகளிலிருந்து 18 யக்கரை உண்டாக்கி அந்நகரை அழிக்கிறான், புத்தர் வந்து அடக்குகிறார். விகாரையில் ஓதப்படும் ரதன சூத்திரத்தின் பின்னணியும் வைசாலியின் பஞ்சமும் கொள்ளைநோயும் பேய்த்தொல்லையும்தான். பிக்குவின் பிரித்தும் எதுராவின் முகமூடியும் ஒரே நகரத்தின் ஒரே துயரத்தில் வேர்கொண்டவை.

யாரை ஏன் பிடிக்கிறது என்பதற்குத் தொவில்காரர்கள் சொல்லும் காரணம் தனிமை. அவர்கள் மொழியில் தனிகம் தோஷம். ஆள் இல்லாத இடத்தில், யக்கர் நடமாடும் சமயங்களில், அதாவது வைகறை, உச்சிவேளை, அந்தி, நள்ளிரவு நேரங்களில், ஒருவர் தனித்திருக்கிறார். திடுக்கிடுகிறார். அந்தத் திகிலின் வழியாக யக்கனின் திஷ்டி, அதாவது பார்வை, உடலில் படுகிறது. பொரித்த இறைச்சி, மீன் வாசனையோடு தனியே நடப்பதும் அழைப்பாகும். தனிமை என்பது பக்கத்தில் ஆளில்லாமை மட்டுமல்ல. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் மனத்தால் ஒதுங்கிப்போனவரையும் அவர்கள் அதே சொல்லால் குறிக்கிறார்கள். 1970களில் காலிப் பகுதியில் தங்கித் தொவில்களை ஆராய்ந்த மானிடவியலாளர் புரூஸ் காப்ஃபெரர் தன் விளக்கம் முழுவதையும் இந்த இடத்திலிருந்தே கட்டினார். நோயாளி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் உலகத்திலிருந்து கழன்று யக்கர்களின் உலகத்தில் தனியே நிற்கிறார், இரவு முழுவதும் நடக்கும் வேலை அவரைத் திரும்பக் கொண்டுவருவது.

எடுத்தவுடன் தொவில் வைப்பதில்லை. செலவும் உழைப்பும் பெரிது. வைத்தியர் பார்ப்பார், சாத்திரக்காரர் சாதகம் பார்ப்பார், பிரித் ஓதுவிப்பார்கள். அடுத்தது நூல் கட்டுதல். கன்னிப்பெண் நூற்ற மூன்று புரி நூலில் மஞ்சள் பூசி, மந்திரத்தை 108 தரம் உருவேற்றி, கையிலோ கழுத்திலோ கட்டுவார்கள். இது யக்கனோடு செய்துகொள்ளும் ஒரு தவணை உடன்படிக்கை: இத்தனை நாளுக்குள் உனக்குரிய படையலைத் தருகிறோம், அதுவரை விலகியிரு. பாக்குவெட்டியால் தேசிக்காய் வெட்டிக் கழிப்பது அடுத்த படி. இவற்றிலேயே தேறுகிறவர்கள் பலர். தேறாதவருக்கும், தேறியபின் தவணையை நிறைவேற்ற வேண்டியவருக்கும்தான் தொவில். இறந்துபோன உறவினர் பிரேதமாகித் தொல்லை தருவதாகக் கண்டால் வழி வேறு: பிக்குகளுக்குத் தானம் கொடுத்து அந்தப் புண்ணியத்தை இறந்தவர் பெயருக்கு ஈவது. அதோடு முடித்துக்கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தொவில் நாளன்று காலையிலேயே வேலை தொடங்கும். வாழைத்தண்டு, குருத்தோலை, கமுகு, மூங்கில் கொண்டு வீட்டு முற்றத்தின் ஓரத்தில் யக்கனுக்கு ஒரு கூடம் எழுப்புகிறார்கள். குருத்தோலையைப் பின்னிக் கீறி அலங்கரிப்பதே ஒரு தனிக் கலை. எல்லாம் ஓரிரவுக்குத்தான், விடிந்ததும் கலைக்கப்படும். ஒவ்வொரு யக்கனுக்கும் தனித்தனிப் பிதேனி தட்டு, நாம் மடை என்போமே அது: சோறு, ஏழு வகைக் கறி, வறுத்த தானியம், வறுத்த மீனோ இறைச்சியோ, பூ, வெற்றிலை, துணியில் முடிந்த காணிக்கைக் காசு. துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்கள் டசின் கணக்கில் வேண்டும். குங்கிலியத்தைப் பொடித்துச் சலித்து வைக்க வேண்டும். கட்டியும் முட்டியுமாக இருந்தால் பந்தத்தில் வீசும்போது ஒரே பிழம்பாக எழாமல் எரியும் துணுக்குகளாகச் சிதறி ஆள்மேல் விழும். தீக்காயங்கள் நேர்வது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். தோலிசைக் கருவி யக் பெர என்னும் நீண்ட உருளை மேளம், இரு முகத்தையும் கையாலேயே முழக்குவார்கள். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஓசை மழுங்கும். தீயருகே காட்டிக் காய்ச்சியபடி இருக்க வேண்டும்.

நோயாளி வீட்டு வாசலில், முற்றத்தைப் பார்த்துப் பாயில் அமர்த்தப்படுவார், அவர் முன்னே உலக்கை கிடத்தப்படும். பக்கத்தில் கால் கட்டிய ஒரு செஞ்சேவல். யக்கன் கேட்பது உயிர்ப்பலி, பௌத்தர் வீட்டில் கொலை ஆகாது. ஆகவே சேவலின் கொண்டையில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் மட்டும் கொடுக்கிறார்கள். சேவல் காலையில் உயிரோடு அவிழ்த்துவிடப்படும். கொல்லாமை என்ற முதல் சீலம் சடங்கின் நடுவுக்குள்ளேயே இப்படி வந்து அமர்ந்திருக்கிறது.

இரவு மூன்று யாமமாக ஓடும். அந்தி யாமத்தில் முதலில் புத்தம், தர்மம், சங்கம் மும்மணிக்கு வணக்கம், பிறகு தெய்வங்களுக்கு வணக்கமும் அனுமதியும், பிறகே பிரேதருக்கும் யக்கர்களுக்கும் அழைப்பு. இந்த வரிசை எக்காரணத்தாலும் மாறாது. ஒவ்வொரு யக்கனும் எப்படிப் பிறந்தான், யார் அடக்கினார், என்ன வரம் பெற்றான் என்பதைக் கவியாகப் பாடி, அவன் தட்டை நோயாளியின் தலையிலிருந்து கால்வரை காட்டி இறக்குவார்கள். எதுராவின் கையில் ஈஸ்வரனின் அம்பு எனப்படும் கோல் இருக்கும். யக்கனைக் கட்டுப்படுத்தும் அதிகாரச் சின்னம் அது.

நள்ளிரவு யாமம் வேறு முகம். சுமார் பத்து மணிக்கு மேல் மேளம் நெருங்கும், ஆட்டம் சுழலும், பந்தத்தைத் தோளிலும் கையிலும் தடவியபடி ஆடுவார்கள், குங்கிலியத் தீ ஆளுயரம் எழும். நோயாளி நடுங்கத் தொடங்குவதும், எழுந்து தாளத்தோடு ஆடுவதும் பெரும்பாலும் இப்போதுதான். எதுரா அருகில் போய்க் கேட்பார்: யார் நீ, எங்கே பிடித்தாய், என்ன வேண்டும், எப்போது போவாய். நோயாளியின் வாயிலிருந்து யக்கன் பதில் சொல்லும். வாக்குக் கொடுத்ததும் அவர் துவண்டு விழுவார். மகாசோனா தொவிலில் எதுராவே பிணம்போலப் பாயில் கிடந்து, ஆட்கள் தூக்கிச் செல்ல, யக்கனின் பார்வையை நோயாளியிடமிருந்து தன்மேல் வாங்கிக்கொண்டு போவார்.

முதல்முறை பார்க்க வந்தவர்கள் இதுதான் உச்சம் என்று எண்ணி எழுந்து போய்விடுவார்கள். என் கணிப்பில் மருந்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் அட்ட பாலிய என்னும் எட்டு வேடங்கள் வரும்: துணியோடு சலு பாலிய, பந்தத்தோடு பந்தம் பாலிய, கெண்டியோடு கெண்டி பாலிய என்று ஒவ்வொன்றாக. விடியலை ஒட்டி முகமூடியணிந்த சன்னிகள் வருவார்கள், அதற்கு தஹஅட்ட பாலிய என்று பெயர். முகமூடிகள் கனமில்லாத கடுரு மரத்தில் செதுக்கியவை. அம்பலாங்கொடை இந்தச் செதுக்கலுக்குப் பேர்போனது. இத்தனை நேரம் உயிரை உலுக்கிய யக்கன் இப்போது வாய் குழறி, தப்பும் தவறுமாகப் பேசி, மேளக்காரரிடம் சிக்கிக்கொள்கிறான். 'யாரைக் கேட்டு வந்தாய்' என்று மேளக்காரர் மடக்குவார். புத்தர் பெயரைச் சொல்லத் தெரியாமல் உளறுவான். கொச்சையும் உண்டு, உள்ளூர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலடிப்பதும் உண்டு. முற்றம் சிரிப்பில் அதிரும். கடைசியில் காசுக்கும் படையலுக்கும் கெஞ்சி, நோயை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லி ஒவ்வொருவனாகப் போவான், இறுதியில் கொல சன்னி. எதுராக்கள் இந்த நேரம் முழுவதும் ஒரு கண்ணை நோயாளிமேலேயே வைத்திருப்பார்கள். அவர் சிரித்துவிட்டார், பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொன்னார் என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். ஒரே பகடியைத் தானும் ஊரும் ஒரே கணத்தில் புரிந்துகொண்டு சிரிப்பவர் இனித் தனியாள் அல்ல. பயந்த உருவத்தை ஊர் கூடிச் சிரிக்கும்படி இறக்கிக்காட்டிய பின், அது மறுபடி பழைய உயரத்துக்கு ஏறுவது கடினம்.

இதனால்தான் இன்று பரவலாக நடக்கும் சுருக்கம் கெடுதலானது. நேரமும் பணமும் இல்லையென்று நள்ளிரவோடு முடித்துக்கொள்கிறார்கள், அல்லது 'ஆபாசம்' என்று பகடிப் பகுதியை வெட்டுகிறார்கள். அப்போது திகில் மட்டும் முழு அளவில் நடந்து, மீட்பு நடக்காமல் போகிறது. நோயாளி முன்னைவிடக் கலங்கிய நிலையில் விடப்படுகிறார். அக்கம்பக்கத்தார் வராத தொவிலும் அப்படியே. மாடிக்குடியிருப்பின் கூடத்தில் நாலு பேரை வைத்து நடத்தினால் சிரிக்க ஊர் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் இலங்கை உயர்நீதிமன்றம் வரையறுத்தது. ஒலிபெருக்கி இல்லாமலேயே நடக்கும் தொவிலுக்கு அது நேரடித் தடையல்ல என்றாலும், நகரில் அயல்வீட்டாரின் பொறுமை இப்போது அந்த மணிக்கணக்கிலேயே அளக்கப்படுகிறது. இழவு, பிரசவம், மாதவிடாய்த் தீட்டு வீட்டில் இருந்தால் நாளைத் தள்ளிவைப்பார்கள். அதை மறைத்து நடத்தியதாகத் தெரிந்தால், பிறகு வரும் எந்தக் கெடுதலுக்கும் பழி அந்தப் பெண்மேல் விழும். இதை வெளிப்படையாகவே கண்டிக்க வேண்டும்.

மற்றச் சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைப்பேறுக்கும் கருவைக் காக்கவும் ரட்ட யக்கும. கிரகதோஷத்துக்கு மண்ணில் உருவம் வனைந்து வண்ணம் தீட்டும் பலி. செய்வினைக்குச் சூனியம: பௌத்த மரபு உலகின் முதல் அரசனாகச் சொல்லும் மகாசம்மத மன்னனின் மாளிகையை அமைத்து, நோயாளியை ஏழடி வைத்து அதனுள் கொண்டுபோய், செய்வினையை அறுத்து, முடிவில் மாளிகையையே உடைத்துப்போடுவது. தென்னிலங்கைச் சடங்குகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

நவீன காலத்தில் உண்மையிலேயே மாறியது எது? தொவில் குறைந்தது என்பது பாதிதான். பேய்பிடித்தல் இடம் மாறியது என்பதே பெரிது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கதிர்காமத்தில் தீமிதிப்பும் காவடியும் உருவேறி ஆடுவதும் 1940கள் வரை பெரும்பாலும் தமிழ்ச் சைவர்களுடையவை. 1950களிலிருந்து சிங்கள பௌத்தர்கள் பெருந்தொகையாக அவற்றில் இறங்கினார்கள். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தனியார் சந்நிதிகள் பெருகின. அவற்றை நடத்தும் சாமி, பெண்ணானால் மெணியோ எனப்படுபவரின் பாதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. முதலில் இறந்த தாயோ பாட்டியோ பிரேதமாகப் பிடிக்கிறது, வீட்டார் விரட்டப் பார்க்கிறார்கள், அவர் மறுக்கிறார். பிறகு அதே ஆவி காவலாகி, ஒரு தெய்வத்தின் அருளைக் கொண்டுவருகிறது. கதிர்காமத்தில் வரம் பெறுகிறார், தெய்வவாக்குச் சொல்லும் முகவரம் கிடைக்கிறது, சந்நிதி திறக்கிறார். சிலருக்குச் சடை விழுகிறது. தெய்வங்கள் கதிர்காமத்தான், காளி, செய்வினைக்குரிய தெய்வமான சூனியம். சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரத்துக் காளியிடம் தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்பது இந்தப் பெயர்ச்சியின் ஒரு பகுதி. பத்தினியை நம் கண்ணகியாகவே அறிவோம். ஆனால் நகரத்தில் அமைதியான பத்தினியைவிட, உடனே பதில்தரும் காளிக்கும் சூனியத்துக்குமே இன்று கூட்டம். பழிவாங்க மிளகாய் அரைக்கும் சீனிகம தேவாலயம் ஹிக்கடுவைக்குப் பக்கத்தில் கடலில் இருக்கிறது. மாவனெல்லைப் பக்கம் அலுத்நுவரவில் தெடிமுண்ட என்னும் தெய்வத்தின் தேவாலயத்துக்குப் பேய்பிடித்தவர்களை இன்றும் கொண்டுவருகிறார்கள்.

எதுராவுக்கும் சாமிக்கும் உள்ள வேறுபாட்டை ஊன்றிப் பார்க்க வேண்டும். எதுரா குருவிடம் பல்லாண்டு கவியும் தாளமும் கற்றவர். அவர் தவறினால் பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கும் கூட ஆடுகிறவர்களுக்கும் தெரிந்துவிடும். சாமியின் அதிகாரம் அவர்மேல் வரும் தெய்வத்திலிருந்து வருவது, கேள்வி கேட்க ஆள் இல்லை. சடங்கும் மூடிய அறையில், ஆளுக்கு ஆள், காசுக்கு நடக்கிறது. துயரப்பட்ட பெண்கள் பலருக்கு இந்தச் சந்நிதிகள் மதிப்பும் தோழமையும் தந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் அது பெரும்பாலும் இந்தப் புதிய வடிவத்தில்தான். 2021 பிப்ரவரியில் தெல்கொடையில் பேயோட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிக்கப்பட்ட 9 வயதுச் சிறுமி இறந்தாள். அடித்தவரும் தாயும் கைதானார்கள். புத்தகோசரின் செய்முறையிலும் சரி, தொவிலின் மூன்று யாமங்களிலும் சரி, நோயாளியை அடிப்பதற்கு இடமே இல்லை. அடிப்பவர் மரபைப் பின்பற்றவில்லை.

படித்த நடுத்தர வர்க்கத்தார் பலர் தொவில், சந்நிதி இரண்டையும் விட்டு, அரசமரத்துக்குச் செய்யும் போதி பூசைக்குப் போய்விட்டார்கள். 1970களில் பாணந்துறை அரியதம்ம தேரர் அதற்கு உணர்ச்சியூட்டும் சிங்களப் பாக்களும் எல்லாரும் சேர்ந்து சொல்லும் முறையும் தந்து பரப்பினார். உருவேறுதல் இல்லாமல், பிக்குவின் தலைமையில், கூட்டாக மனம் இளகும் வழி அது. கவலைக்கும் கிரகதோஷ பயத்துக்கும் அது போதுமானது.

குணமாகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். எது குணமாகிறது என்று பிரித்துக் கேட்டால் பதில் தெளிவாகும். திகில், துக்கம், குடும்பத்துக்குள் சொல்லமுடியாத நெருக்கடி, ஒதுங்கிப்போன மனம் உடலில் காட்டும் வலி, நடுக்கம், பேச்சடைப்பு ஆகியவற்றில் முழுமையாக நடந்த தொவில் உதவும், அதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். மனநல மருத்துவமும் பேய்பிடித்தலைத் தனி நிலையாக ஏற்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாட்டில் 6பி63 என்ற எண்ணில் அது இருக்கிறது. அங்கே ஒரு நிபந்தனையும் உண்டு: ஒருவரின் சமயப் பண்பாடு ஏற்றுக்கொண்ட சடங்குக்குள் வரும் உருவேறல் நோயாகாது. அடக்கமுடியாமல் வந்து துன்பத்தையும் முடக்கத்தையும் தருவதே நோய்.

மூளையிலும் உடலிலும் உள்ள நோய்களைத் தொவில் தொடாது. எவற்றைக் கண்டால் வேறு எதையும் யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறேன். காய்ச்சலோடு பிதற்றல், கழுத்து விறைப்பு. வலிப்பு, அதிலும் நாக்கைக் கடித்துக்கொள்வது, உடையில் சிறுநீர் போவது. ஒரு பக்கம் கை, கால் விழுவது. தலையில் அடிபட்ட பிறகு வரும் குழப்பம். சாகப்போவதாகச் சொல்வது, பிள்ளையைக் கொல்லச்சொல்லிக் குரல் கேட்பது. பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கமின்மை, அளவுகடந்த பரபரப்பு, விபரீதச் சந்தேகம்: களு குமாரயா என்று ஊர் சொல்லும் இது பிரசவத்துக்குப் பின்வரும் கடும் மனநோயாக இருக்கலாம், தாயும் சேயும் இருவரும் ஆபத்தில் இருப்பார்கள். இளம்பெண் ஒருத்தி சில நாட்களுக்குள் குணம் மாறி, முகமும் வாயும் தானே அசைய, பேச்சு நின்று, உடல் விறைத்தால், 2007இல் அடையாளம் காணப்பட்ட ஒருவகை மூளையழற்சியையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். உடலின் எதிர்ப்புசக்தியே மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குவதால் வருவது, சிலருக்குச் சூலகக் கட்டியிலிருந்து தொடங்குவது. தோற்றத்தில் பேய்பிடித்தலேதான். நேரத்தோடு கண்டால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், சந்நிதி சந்நிதியாக வாரங்களைக் கழித்தால் உயிர் போகலாம். இலங்கையில் மனநல உதவிக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926, அவசர நோயாளர் வண்டிக்கு 1990.

மருந்தும் சடங்கும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. தென்னிலங்கைக் குடும்பங்கள் இரண்டையும் எப்போதும் சேர்த்தே செய்துவந்திருக்கின்றன. வீட்டில் ஒருவருக்குத் தொவில் வைக்க நினைக்கிறவர்கள் எதுராவிடம் நாள் குறிக்கும் முன் சிலவற்றைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரானால் அவர் வேண்டாம். வலிப்புக்கும் மனச்சிதைவுக்கும் எடுக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே பெரிய தாக்குதலைக் கொண்டுவரும், அதைப் பேயின் கோபம் என்று வேறு சொல்லிவிடுவார்கள். ஆஸ்துமா இருந்தால் குங்கிலியப் புகையைக் குறைத்து, நோயாளியைக் காற்றோட்டமான பக்கம் அமர்த்தச் சொல்லுங்கள். இரவெல்லாம் தண்ணீரோ இளநீரோ கொடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். நீரிழிவுக்காரர் உணவுநேரம் தவறக்கூடாது. கருவுற்றவரை இரவு முழுதும் ஒரே இருப்பில் வைக்கக்கூடாது. கை ஓங்கமாட்டார்கள் என்பதை வாய்விட்டே உறுதிப்படுத்துங்கள். செலவை முழுத்தொகையாகப் பேசுங்கள், நடுவில் 'இன்னொரு யக்கன் இருக்கிறான்' என்று ஏறுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். சூனியம் வைத்தவர் இன்னார் என்று ஒரு உறவினரையோ அயலாரையோ பெயர் சொல்கிறவரிடம் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். தொவிலில் குற்றவாளி யக்கன்தான், அத்தை அல்ல. சன்னி பாலியவை முழுதாக ஆடுவார்களா என்றும் கேளுங்கள். முகமூடி கட்டி அந்தப் பேச்சை அந்த விரைவோடு பேசத்தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். பெரவா குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சாதிப்பெயரையும் சேர்த்து உதறிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆட்டம் மட்டும் பள்ளிப் பாடத்திலும் உல்லாச விடுதி மேடையிலும் தனியே வாழ்கிறது. ஆளில்லை என்று பதில் வந்தால் அரைகுறையாக நடத்த ஒப்புக்கொள்ளாமல், பிரித்தோடும் நூலோடும் நிறுத்திக்கொண்டு, ஆள் சேரும் நாளுக்குத் தள்ளிவையுங்கள். தவணை நீட்டிக்கொள்ள மரபில் இடம் உண்டு.